முனிசாமி மண்டி

வங்கிக்காரர்கள் கிடங்கைப் பூட்ட வந்த அன்று ஆனந்தராஜ் முகம் மழித்து, சலவை வேட்டி கட்டி, மண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மார்கழிப் பனி தேன்கனிக்கோட்டையை விட்டு இன்னும் எழும்பவில்லை. ஓசூர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்கள் விளக்கைப் போட்டபடி ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"வாங்க சார். பனியில வந்திருக்கீங்க, மொதல்ல டீ குடிங்க" என்றார்.

வந்தவர்களுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "பரவால்லீங்க, வேலைய முடிச்சிட்டு..." என்று ஒருவர் இழுத்தார்.

"இது முனிசாமி மண்டி. இங்க வந்தவங்க டீ குடிக்காம போனதில்ல. பூட்ட வந்தவங்களா இருந்தாலும் அப்படித்தான்."

இருளாயி டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்தக் களத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்தவள். அவளோடு வேலை செய்த மற்றப் பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஷட்டர் இறங்கியது. பூட்டுத் தொங்கியது. முத்திரை வைத்தார்கள். உள்ளே கறுத்துப்போன புளியின் புளித்த வாடை மட்டும் பூட்டுக்கு அடங்காமல் தெருவுக்கு வந்தது.

எதிர்ச்சாரியில் இன்னொரு மண்டி. அதன் பலகையிலும் 'முனிசாமி மண்டி' என்றுதான் எழுதியிருந்தது. கீழே 'உரிமையாளர்: மு. சிவராஜ்.' அந்த வாசலில் நின்று சிவராஜ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனந்தராஜும் அவனைப் பார்த்தார். பிறகு வங்கிக்காரர்களிடம் திரும்பி, "சர்க்கரை போதுங்களா?" என்று கேட்டார்.

முனிசாமி அந்த மண்டியை ஆரம்பித்த காலத்தில் அஞ்செட்டி மலைக்குச் சரியான பாதை கிடையாது. கழுதை முதுகிலும் மாட்டு வண்டியிலும் புளி இறங்கியது. நாரில்லாத புளி, தண்ணீர் படாத புளி என்று பெங்களூர் வரை அவருக்குப் பேர். அவர் போன பிறகு ஆனந்தராஜ் அந்தப் பேரைக் கெடுக்கவில்லை. பழம்புளியைப் புதுப்புளியோடு ஒருநாளும் கலந்ததில்லை. ஊரிலேயே முதல் குளிர்பதனக் கிடங்கைக் கடன் வாங்கிக் கட்டியவரும் அவர்தான்.

சிவராஜ் எதிரே கடை போட்டதும் மலைக்காரர்கள் அவன் பக்கம் சாயத் தொடங்கினார்கள். அவனை ஒழித்துவிட வேண்டும் என்று ஆனந்தராஜ் யாரும் கொடுக்காத விலையைக் கொடுத்து மலைப்புளி முழுவதையும் வாங்கிக் கிடங்கில் நிரப்பினார். அந்த வருஷம் எல்லாப் பக்கமும் விளைச்சல். விலை இறங்கியது. சிவராஜ் தன்னிடம் இருந்த கொஞ்சத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். தரகர்கள் ஆனந்தராஜிடம் வந்து, "நீங்களும் தள்ளிடுங்கண்ணா" என்றார்கள்.

"அவன் விக்கற வெலைக்கு நான் விக்கறதா? கெடக்கட்டும்" என்றார்.

கிடந்தது. அடுத்த விளைச்சலும் வந்தது. வட்டி கட்டவில்லை, கரண்டு பில் கட்டவில்லை, ஒரு சித்திரை மாதம் கரண்டைப் பிடுங்கினார்கள். அந்த வெயிலில் கிடங்குப் புளி முழுவதும் கரியாகக் கறுத்தது.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் அருணா ஓசூரிலிருந்து வந்திருந்தாள். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். அம்மா சாந்தம்மாவும் மகளும் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். பிதுக்கம்பருப்புக் குழம்பும் களியும் இருந்தால் ஆனந்தராஜ் வேறு எதையும் கேட்கமாட்டார்.

கேட்டைத் திறந்துகொண்டு சிவராஜ் வந்தான். முப்பது தாண்டிய ஆள். ஆனந்தராஜுக்கு இருப்பதுபோலவே அகன்று ஏறிய நெற்றி. ஊரே பார்த்தும் யாரும் வாய்விட்டுப் பேசாத நெற்றி.

சாந்தம்மா எழுந்தாள். அதற்குள் ஆனந்தராஜ் வெளியே வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு கேட்டத் தொறந்த?"

"உள்ள வரலீங்க. இங்கயே நின்னு சொல்லிட்டுப் போயிடறன்" என்றான் சிவராஜ். "வங்கி அந்தக் கெடங்க ஏலத்துல விடும். நான் எடுக்கறன். எடுத்து ஒங்க கையிலயே குடுக்கறன், நீங்களே நடத்துங்க. அத்தன பொம்பளைங்க வேலையில்லாம நிக்கறாங்க. ஒண்ணே ஒண்ணு. என்மேல போட்ட கேச வாபஸ் வாங்கிக்கங்க."

"வாங்கினா?"

"எம்பேருக்கு முன்னால இருக்கற எழுத்து எனக்கு இருந்துட்டுப் போகட்டும்."

சிவராஜ் தன்னை முனிசாமியின் மகன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அந்தப் பெயரில் மண்டி வைக்கக் கூடாது என்பதுதான் கேஸ். தன் அப்பாவுக்குத் தன்னைத் தவிர வேறு மகன் இல்லை என்று ஆனந்தராஜ் கோர்ட்டில் கூண்டேறிச் சத்தியம் செய்திருந்தார்.

"அது எங்கப்பன் எழுத்து" என்றார். "எங்கப்பனுக்கு நான் ஒருத்தன்தான். தெருவுல பிச்ச எடுத்தாலும் எடுப்பன், உங்கையால கெடங்கு வாங்க மாட்டன். போடா வெளிய."

சிவராஜ் கேட்டுக்குப் போய்த் திரும்பினான். "'டா' போட்டுட்டீங்க. பரவால்ல. தம்பியத்தான் அப்படிக் கூப்புடுவாங்க."

அவன் போன பிறகு சாந்தம்மா கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அருணாதான் கேட்டாள்.

"ஏம்மா, இந்தாளுதான கேசுல இருக்கறது? பணத்துக்காகப் பொய் சொல்றான்னு அப்பா சொன்னாரு?"

சாந்தம்மா பருப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "பொய் சொல்றவன் அவன் இல்ல."

"சாந்தா" என்றார் ஆனந்தராஜ்.

"இத்தன வருசம் நீங்க சொன்னதத்தான் நானும் சொன்னன். இன்னிக்கு நான் பேசறன், நீங்க கேளுங்க." மகளைப் பார்த்துத் திரும்பினாள். "ஒங்க தாத்தா பெங்களூர் ஆஸ்பத்திரில சாகல, அருணா. அஞ்செட்டில செத்தாரு. சென்னம்மா ஊட்டுல."

சென்னம்மா மலை ஊர்களில் வீடுவீடாகப் போய் முனிசாமிக்குப் புளி சேர்த்துக் கொடுத்தவள். அவள் சொன்னால் மலைக்காரர்கள் எடையைக்கூடப் பார்க்காமல் மூட்டையைக் கட்டிக் கொடுப்பார்கள். முனிசாமி முதலில் வியாபாரத்துக்குப் போனார், பிறகு அவளுக்காகப் போனார். சிவராஜ் பிறந்தான். அவள் சாதி வேறு. அதனால் தேன்கனிக்கோட்டை வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஆனந்தராஜின் அம்மா சாகும்வரை அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

முனிசாமிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்தன. ஒருநாள் டிரைவரைக் கூப்பிட்டு மலைக்கு வண்டியை விடச் சொன்னவர் திரும்பி வரவில்லை. பெங்களூரில் வைத்தியம் நடக்கிறது என்று ஊருக்குச் சொன்னார்கள். அவர் இறந்த சேதி வந்ததும் ஆனந்தராஜ் விடிகாலையில் வேனை எடுத்துக்கொண்டு போய் உடலைக் கொண்டுவந்தார். பெங்களூரிலிருந்து வருகிறது என்றே எல்லோரும் நம்பினார்கள். நம்பாதவர்கள் சும்மா இருந்தார்கள்.

"அந்தப் பையன் கேட்டான்" என்றாள் சாந்தம்மா. "'கூட வந்து ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போயிடறங்கண்ணா'ன்னு. உங்கப்பா முடியாதுன்னுட்டாரு. வண்டி கெளம்பினதும் பின்னாலயே ஓடியாந்தான், செக்போஸ்ட்டு வரைக்கும். நான் பின்னாடி ஒக்காந்து பாத்துக்கிட்டே வந்தன். நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த எனுக்கு வாயில வரல. அது இன்னும் நெஞ்சுலயே கெடக்குது."

அருணா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "நெசமாப்பா?"

ஆனந்தராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று செய்த குழம்பை அவர் தொடவில்லை.

*

மறுநாள் காலை சாந்தம்மா பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்த சுத்தியைத் துடைத்து எடுத்தாள்.

"எங்க?" என்றார் ஆனந்தராஜ்.

"வேலைக்கு."

"யாருகிட்ட?"

"எதிர்க்கடையில. இருளாயி எல்லாம் அங்கதான் போயிட்டாங்க."

"ஊரு என்னா பேசும்?"

"பேசட்டும். ஒங்க வாயால நாலு பேரு முன்னால பொய் சொன்னீங்களே, அப்ப ஊரு பேசும்னு பயந்தீங்களா? உழைச்சுச் சாப்புடப் போறன். எனுக்கு வெக்கம் இல்ல."

அந்த வருஷம் மழை சீக்கிரம் விட்டதால் அடிவாரத்து மரங்களில் புளி முந்திப் பழுத்திருந்தது. சிவராஜின் களத்தில் அது மலையாகக் குவிந்து கிடந்தது. பெண்கள் வட்டமாகச் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்த ஓட்டை நொறுக்கி உதறி, பழத்தைக் கல்மேல் வைத்து, சுத்தியால் பக்குவமாக ஒரு தட்டு. ஓங்கினால் கொட்டை உடையும், மெல்லத் தட்டினால் பிரியாது. பிரிந்த கொட்டையைத் தள்ளி, நாரை ஒரே இழுப்பில் உருவ வேண்டும். மதியத்துக்குள் விரல் நுனி வெடித்து எரியும்.

பழைய முதலாளி வீட்டம்மா வந்து நிற்கவும் பேச்சு நின்றது. இருளாயிதான் தன் சாக்கை நகர்த்தினாள். "ஒக்காருக்கா. வெயிலு ஏறங்காட்டியும் ஒரு கூடை ஆக்கிடலாம்."

சிவராஜ் பார்த்தும் பாராததுபோல் எடைத்தட்டுப் பக்கம் போனான். சாயங்காலம் எல்லோருக்கும் கூலி கொடுத்தபோது அவளுக்கும் அதே கூலியைக் கொடுத்தான். ஒரு ரூபாய் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

கடைவீதி முழுக்க அதுதான் பேச்சு. டீக்கடையில் ஒருவன் ஆனந்தராஜின் காதில் விழும்படி, "பொண்டாட்டிய அனுப்பிட்டாரு, இனி இவரு எப்பப் போறாரோ" என்றான். ஆனந்தராஜ் டம்ளரை வைத்துவிட்டு அவன் எதிரில் போய் நின்றார்.

"ஆமா, எம்பொண்டாட்டி வேலைக்குப் போறா. உம்பொண்டாட்டி சம்பாரிச்சு நீ குடிக்கற மாதிரி நான் குடிக்கல. இன்னும் கேளு, பதில் சொல்றன்."

அவன் எழுந்து போய்விட்டான். ஆனாலும் அன்று முழுவதும் ஆனந்தராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில்லாவிட்டால் என்ன, தன் வாய்ச்சொல்லுக்கு மலையில் பத்து மூட்டையாவது கிடைக்காதா? அதை வைத்து மறுபடி ஆரம்பித்துக் காட்டுவது என்று அஞ்செட்டி பஸ் ஏறினார்.

மலையில் எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஒரு வீட்டில் மோர், ஒரு வீட்டில் களி. "மொதலாளி நடந்து வர்ற மாதிரி ஆயிடுச்சே" என்று வருத்தப்பட்டார்கள். புளி என்றதும் பேச்சு ராத்திரி வந்த யானையைப் பற்றியும் மிதிபட்ட ராகியைப் பற்றியும் போனது. கடைசி வீட்டுக்காரன் மட்டும் உடைத்துச் சொன்னான். "ஒங்களுக்கு இத்தன நாளு குடுத்ததெல்லாம் சென்னம்மா மொகத்துக்குத்தாங்க. ஒங்கப்பா காலத்துலயும் அப்படித்தான். அவங்க சொன்னாங்கன்னா இப்பவே கட்டித் தர்றன்."

ஆனந்தராஜ் வெகுநேரம் பாதையில் நின்றார். பிறகு சென்னம்மா வீட்டுக்கு நடந்தார்.

சிமெண்ட் ஷீட் போட்ட சின்ன வீடு. அவள் முறத்தில் கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து எழவில்லை. "கூத்துக்கோ" என்று கன்னடத்தில் கட்டிலைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தியா, புளி கேக்க வந்தியா?"

"புளிதான்."

"அதுதானே பார்த்தன். முனிசாமி பையன் வேற எதுக்கும் வரமாட்டான்." அவள் சிரித்தாள். "குடுக்க மாட்டன் போ. கோர்ட்டுல என்னய என்னான்னு சொன்ன? கூலிக்கு வந்த பொம்பளன்னு. ஆமா, கூலிக்குத்தான் வந்தன். அந்தக் கூலியில ஒங்கப்பனுக்கும் சோறு போட்டன்."

"எங்கப்பன ஏமாத்தி இங்க வரவெச்சது நீ."

முறம் நின்றது. "ஏமாத்தினனா? கையும் காலும் விழுந்தவன ஏமாத்தி என்னா கெடைக்கும்? அள்ளிக் கொட்டறதுதான் கெடைக்கும். எம்பையன் அள்ளிக் கொட்டினான். இன்னொண்ணு சொல்றன் கேட்டுட்டுப் போ. கடைசில ஒங்கப்பனுக்கு நெனவு தப்பிடுச்சு. எம்பையன 'ஆனந்தா, ஆனந்தா'ன்னுதான் கூப்புடுவான். 'ஆனந்தா, தண்ணி குடு. ஆனந்தா, மண்டி தொறந்தியா?' எனுக்குக் கோவம் வரும், நான் ஆனந்தன் இல்லன்னு சொல்லுடாம்பன். இவன் சொல்ல மாட்டான். 'தொறந்துட்டம்ப்பா, யாவாரம் நல்லா ஓடுதுப்பா'ம்பான். உயிரு போற வரைக்கும் உம்பேருக்கு அவன்தான் ஊங் கொட்டினான்."

ஆனந்தராஜின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. உட்கார்ந்துவிட்டார்.

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "குடிச்சிட்டுப் போ. கடைசி பஸ்சு போயிடும்."

*

தை பிறந்ததும் சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஏலம் பக்கத்து ஊர் ஒன்றிய அலுவலகத்தில் நடக்கும். ஏலம் எடுத்தவருக்குத்தான் அந்த வருஷத்துப் புளி. ஏலத்துக்கு முதல் நாள் சுபாஷ் தன் காரில் ஆனந்தராஜைப் பார்க்க வந்தான். ஓசூரில் மசாலா கம்பெனிகளுக்குச் சரக்கு எடுத்துக் கொடுப்பவன். கொட்டை எடுக்க மிஷின் போட்டிருக்கிறான். பேச்சில் பாதி இங்கிலீஷ்.

"சார், ஸ்ட்ரெய்ட்டா மேட்டருக்கு வரேன். நாளைக்கு எனக்கும் சிவராஜுக்கும்தான் காம்படிஷன். அவன் அப்ளிகேஷன்ல அப்பா பேரு முனிசாமின்னு போட்டிருக்கான். நான் அப்ஜெக்ஷன் சொல்லப் போறேன். நீங்க எந்திரிச்சு கோர்ட்டுல சொன்னத அப்படியே சொன்னாப் போதும். அவன் அவுட். மரம் எனக்கு வந்துடும்."

"எனுக்கு?"

"வங்கில நான் பேசிட்டேன் சார். கிடங்க நான் எடுத்து உங்க கையிலயே சாவி தர்றேன். உங்க போர்டு, உங்க பேரு. எதிர்க்கடை ரெண்டு வருஷத்துல மூடிடும்."

"அங்க வேல செய்யற பொம்பளைங்க?"

"மிஷின் இருக்கே சார்" என்றான் சுபாஷ்.

ஆனந்தராஜ் காபி கொண்டுவந்த சாந்தம்மாவின் விரல்களைப் பார்த்தார். புளிக்கறை ஏறி, நுனியெல்லாம் வெடித்திருந்தன. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். கார் போன பிறகு, "காலைல சலவை வேட்டி எடுத்து வெக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வையி" என்றார்.

ஏல அறை நிறைந்திருந்தது. வைப்புத்தொகை கட்ட வழியில்லாததால் ஆனந்தராஜுக்கு ஏலம் கேட்கும் உரிமை இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் உட்காரும் முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தார். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. இரண்டு வரிசை பின்னால் சிவராஜ்.

அதிகாரி மனுக்களைப் படிக்கத் தொடங்கியதும் சுபாஷ் எழுந்தான்.

"சார், ஒரு அப்ஜெக்ஷன். இந்த சிவராஜ் தகப்பன் பேருன்னு எழுதியிருக்கறது ஃபால்ஸ். கோர்ட்ல கேஸ் நடக்குது. முனிசாமியோட ஒரே மகன் இங்கயே இருக்காரு, கேட்டுக்கங்க. பொய்த் தகவல் கொடுத்த மனுவ தள்ளுபடி பண்ணணும்."

அறையில் சிரிப்பொலி கிளம்பியது. "அப்பன் யாருன்னே தெரியலன்னா எப்படிங்க சார் கையெழுத்து வாங்குவீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

சிவராஜ் எழுந்து நின்றான். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், முன்வரிசையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அதிகாரிக்குத் தர்மசங்கடம். "கேஸ் இருக்குன்னா இந்த மனுவ ஓரமா வெச்சிட்டு மத்தத..." என்று காகிதத்தைத் தனியே எடுத்தார்.

ஆனந்தராஜ் எழுந்தார். சுபாஷ் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, "சொல்லுங்க சார்" என்றான்.

"அத ஓரமா வெக்காதீங்க" என்றார் ஆனந்தராஜ். "அவன் எழுதினது சரி. தகப்பன் பேரு முனிசாமி. எங்கப்பன்தான்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப கோர்ட்டுல நீங்க..."

"கோர்ட்டுல நான் சொன்னது பொய். சத்தியம் பண்ணிச் சொன்ன பொய். அதுக்கு என்னா தண்டனையோ குடுக்கச் சொல்லுங்க, ஓடிப் போகமாட்டன்." பின்பக்கம் திரும்பினார். குரல் உயர்ந்தது. "எவன்டா அது, அப்பன் தெரியலன்னு சொன்னவன்? எந்திரி. எந்திரிச்சு எம்மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. எங்கப்பன் அஞ்செட்டில சென்னம்மா ஊட்டுல செத்தாரு. அள்ளிக் கொட்டினவன் இவன். எனுக்கு அந்த பாக்கியம் இல்ல. இன்னும் யாருக்காவது கேக்கணுமா?"

யாரும் எழவில்லை. சுபாஷ் அவர் காதருகே வந்து, "சார், கிடங்கு போயிடும், யோசிச்சீங்களா?" என்றான்.

"போகட்டும். அது நான் கட்டினது, நானே தொலைச்சன். ஒனக்கு என்னா அதுல?"

ஏலம் நடந்தது. சுபாஷ் விடாமல் ஏற்றினான், சிவராஜும் விடவில்லை. கடைசியில் மரங்கள் சிவராஜுக்கு வந்தன. முடியும்வரை ஆனந்தராஜ் முன்வரிசையை விட்டு அசையவில்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றிருந்தபோது சிவராஜ் வந்தான். வண்டியை லோடுக்கு அனுப்பியிருந்ததால் அவனும் பஸ்சுக்குத்தான் நிற்க வேண்டியிருந்தது. இருவரும் பஸ் வரும் பக்கமே பார்த்தபடி நின்றார்கள்.

"நான் ஒங்களக் கேக்கல" என்றான் சிவராஜ்.

"நீ கேட்டன்னு நானும் சொல்லல. நன்றி கின்றின்னு ஆரம்பிச்சுடாத."

"சொல்ல மாட்டன். சொல்லவேண்டியது நீங்கதான், அதுவும் எனக்கு இல்ல, எங்கம்மாவுக்கு."

ஆனந்தராஜ் தலையை மட்டும் அசைத்தார். பிறகு, "அடுத்த வருசம் ஏலத்துக்கு நானும் வருவன். விட்டுக் குடுப்பன்னு நெனைக்காத" என்றார்.

"வாங்க. நானும் விடமாட்டன்" என்றான் சிவராஜ். "மாசியில அப்பாவுக்குத் தெவசம் வருது. இந்த வருசம் நானும் வருவன். வரட்டுமான்னு கேக்கல."

"வா. மூத்தவன் நான்தான். முன்னால நான்தான் நிப்பன்."

"நில்லுங்க. நான் பக்கத்துல நிப்பன்."

பஸ் வந்தது. ஆனந்தராஜ் முன்படியில் ஏறினார். சிவராஜ் பின்படியில் ஏறினான். கண்டக்டர் முன்னால் வந்தபோது பின்னாலிருந்து, "அண்ணனுக்கும் சேத்து ரெண்டு தேன்கனிக்கோட்டை" என்று குரல் வந்தது. "எனுக்கு நான் எடுத்துக்குவன்" என்று சொல்லி ஆனந்தராஜ் சட்டைப்பையில் கைவிட்டார்.

*

கோர்ட்டில் நீதிபதி ஆனந்தராஜைக் கடுமையாகக் கண்டித்து, அபராதம் போட்டு, கேஸைத் தள்ளுபடி செய்தார். கிடங்கைச் சுபாஷ் எடுத்து உள்ளே மிஷின் போட்டான். மாசியில் தெவசத்துக்குச் சிவராஜ் வந்தான். சென்னம்மாவும் வந்தாள். அவள் கேட்டுக்கு உள்ளே காலெடுத்து வைக்கும்போது சொந்தக்காரர்களில் சிலர் எழுந்து போனார்கள். "சாப்பாடு மிச்சம்" என்றாரே தவிர ஆனந்தராஜ் அவர்களைத் தடுக்கவில்லை. அவளை முற்றத்தில் உட்காரவைத்து, தான் கோர்ட்டில் சொன்னது தப்பு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அவள் உடனே மன்னித்துவிடவில்லை. "எலையப் போடு, பார்க்கலாம்" என்றாள். அருணாதான் அவளுக்கு இலை போட்டாள்.

பங்குனியில் ஆனந்தராஜ் அஞ்செட்டி ரோட்டில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். சென்னம்மா சொல்லி மலையிலிருந்து முதல் புளி இறங்கிய அன்று, வேலை விட்டு வந்த சாந்தம்மாவிடம், "நாளைலருந்து நம்ம கொட்டாய்க்கே வந்துடு" என்றார்.

சாந்தம்மா வெடித்த விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "என்னா கூலி?"

"என்னாது?"

"என்னா கூலி குடுப்பீங்க? அங்க நாளு தவறாம கையில குடுக்கறான்."

ஆனந்தராஜ் அவளையே பார்த்தார். "அவன் குடுக்கறதுக்கு மேல ஒரு ரூபா தர்றன்."

"இருளாயிக்கும்?"

"வர்ற எல்லாத்துக்கும்."

சாந்தம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். "சரி, நாளன்னிக்கு வர்றன். நாளைக்கு அங்க போயி, வேலைய விட்டு நின்னுக்கறன்னு சொல்லிட்டு வரணுமில்ல?"